அப்பா வீடியோ மட்டும் அண்ணனுக்கு ஏன் தெரியவில்லை?

வீட்டில் எல்லோருக்கும் ஓடுகிற வீடியோ ஒருவருக்கு மட்டும் ஓடவில்லை என்றால், சந்தேகம் உடனே ஆள் மீதுதான் போகும். ‘என்னை எடுத்துட்டாங்க’ என்று. வாட்ஸ்அப் குடும்ப குரூப்புகள் பழக்கிவிட்ட புத்தி அது. குரூப்பில் யாராவது நீக்கினால்தான் ஒருவர் வெளியே போவார். வீட்டு மீடியா சர்வரில் கதையே வேறு. அங்கே யாரும் நீக்காமலே ஒருவர் வாசலுக்கு வெளியே நிற்க நேரும்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அங்கே இப்படி ஒரு வீட்டை வைத்துக்கொள்ளலாம். அப்பா ஏரியிலும் கடலிலும் வலை போட்டவர். போன வருஷம் தவறிவிட்டார். வீட்டில் அம்மா, அண்ணி, ஒன்பதாவது படிக்கும் பேரன். அண்ணனுக்கு பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. தங்கைக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை, வீடும் சென்னையில்தான். அவளுடைய பழைய லேப்டாப் குப்பத்து வீட்டில், டிவிக்குப் பின்னால், ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ப்ளெக்ஸ் போட்டு வைத்திருக்கிறாள்.

ப்ளெக்ஸ் என்பது வீட்டுக்குள்ளேயே நடத்திக்கொள்ளும் ஒரு சின்ன ஓடிடி என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். படமும் வீடியோவும் போட்டோவும் வீட்டு லேப்டாப்பிலேயே இருக்கும். டிவியிலும் போனிலும் ஆப் வழியாகப் பார்க்கலாம். ‘சினிமா’, ‘கல்யாணம்’, ‘திருவிழா’ என்று தனித்தனி அலமாரிகளாகப் பிரித்து வைக்கலாம். அந்த அலமாரிக்குப் பெயர் லைப்ரரி.

அப்பா போனபிறகு தங்கை புதிதாக ஒரு லைப்ரரி சேர்த்தாள். பெயர் ‘அப்பா’. அவர் வலை பொத்தும்போது பேரனிடம் பேசிக்கொண்டே இருக்கும் 40 நிமிட வீடியோ, மகிமை மாதா கோயில் திருவிழாவில் அவர் நிற்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது, இப்படிச் சில. வருஷ நினைவு நாளன்று வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். அன்று ராத்திரி பஹ்ரைனில் இருந்து போன்.

“எல்லாம் தெரியுது. எம்ஜிஆர் படம் தெரியுது, உன் கல்யாண வீடியோ தெரியுது. அப்பா மட்டும் இல்ல. படகு வித்த காசு விஷயத்துல என் மேல கோவம்னா நேரா சொல்லிடும்மா. இதுல காட்டாதே.”

“நான் எதையுமே தொடலண்ணா. சத்தியமா.”

இரண்டு பேர் சொன்னதும் நிஜம். அவள் எதையும் தொடவில்லை. அதனால்தான் அவனுக்குத் தெரியவில்லை.

இது எப்படி என்று புரிய, அந்த ஏரியையே பார்த்தால் போதும். பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில். இங்கே மீன்பிடி உரிமையைப் பங்கிட ‘பாடு’ என்று ஒரு பழைய முறை உண்டு. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 1991-ல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை முழுக்க இந்த ஏரியின் மரபு உரிமைகளைப் பற்றியதுதான். ஊர்க் கணக்கில் பெயர் இருக்கிறவருக்கு உரிமை உண்டு. ஆனால் எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பது முறை வைத்துச் சுழன்று வரும். கணக்கில் பெயர் இருப்பது ஒன்று, இன்றைய பாடு எது என்பது இன்னொன்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏரியில் இறங்க முடியாது.

மீடியா சர்வரும் அப்படித்தான். அக்கவுன்ட் என்பது ஊர்க் கணக்கில் பெயர். லைப்ரரி அனுமதி என்பது பாடு. அண்ணனின் பெயர் கணக்கில் இருந்தது. ‘அப்பா’ என்ற பாடு அவனுக்கு எழுதப்படவில்லை.

தங்கை இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்கு ஷேர் செய்தபோது, இருந்த லைப்ரரிகளில் வேண்டியதை மட்டும் டிக் அடித்துக் கொடுத்தாள். அப்படித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், பின்னால் உருவாகும் புதிய லைப்ரரி எதுவும் தானாகப் போய்ச் சேராது. எல்லா லைப்ரரிகளும் என்று கொடுத்திருந்தால் மட்டுமே சேரும். ப்ளெக்ஸில் இதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற வரி வராது. அலமாரியே இல்லாதது போல இருக்கும். அனுமதி இல்லை என்றாவது சொல்லியிருந்தால் அண்ணன் காரணம் கேட்டிருப்பான். காணவே காணோம் என்றதால் அவனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டான்.

சரிசெய்ய 1 நிமிடம் ஆகாது. சர்வரின் சொந்தக்காரர் அக்கவுன்டில் நுழைந்து, செட்டிங்ஸில் லைப்ரரி அணுகலை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், அந்த ஆளின் பெயரைத் தொட்டு, புதிய லைப்ரரிக்கு டிக் அடித்துச் சேமிக்க வேண்டும். அதன் பிறகும் பார்ப்பவருக்குத் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஷேர் செய்த லைப்ரரி பல சமயம் முகப்பில் வராமல் ‘மோர்’ என்ற இடத்துக்குள் ஒளிந்திருக்கும். அங்கிருந்து பின் செய்து வெளியே கொண்டுவர வேண்டும்.

ஜெல்லிஃபின் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு பயனரின் பக்கத்திலும் எல்லா லைப்ரரிகளையும் பார்க்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். அது காலியாக இருந்தால், புதியது ஒவ்வொன்றையும் கையால்தான் சேர்க்க வேண்டும்.

குடும்ப அக்கவுன்ட் என்ற பெயரில் இருக்கும் குழப்பம் வேறு. ப்ளெக்ஸில் இரண்டு வழி உண்டு. ஒன்று ‘ஹோம்’, அதாவது ஒரே வீடு. சொந்தக்காரரையும் சேர்த்து 15 பேர் வரை. அதில் ஈமெயில் இல்லாமல், பெயர் மட்டும் கொடுத்து அம்மாவுக்கும் பேரனுக்கும் அக்கவுன்ட் போட்டுவிடலாம். ஆனால் அந்த ஈமெயில் இல்லாத அக்கவுன்டை வைத்து இன்னொரு வீட்டிலோ இன்னொரு நாட்டிலோ தனியாக லாகின் செய்ய முடியாது. இன்னொரு வழி, நண்பராகச் சேர்ப்பது. அவருக்குச் சொந்த ஈமெயில், சொந்த பாஸ்வேர்ட். பஹ்ரைன் அண்ணன் ரத்த உறவுதான். ப்ளெக்ஸ் கணக்கில் அவன் நண்பன். ‘என்னை ஏன் ஹோம்ல போடல?’ என்று அதற்கும் ஒரு வருத்தம் வந்தால், அந்த வார்த்தையைத் தமிழில் ‘ஒரே கூரை’ என்று சொல்லிப் புரியவைக்கலாம்.

நண்பராகச் சேர்ப்பதில் அடிக்கடி நடக்கும் இன்னொரு கூத்து, ஈமெயில் மாறிப்போவது. அழைப்பு போனது ஒரு முகவரிக்கு. அவர் ஆப்பில் நுழைந்தது கூகுள் பட்டனைத் தொட்டு வேறு முகவரியில். அழைப்பு அங்கே ஏற்கப்படாமல் தூங்கும். இந்தப் பக்கம் ‘அனுப்பிட்டேனே’, அந்தப் பக்கம் ‘வரலையே’. எந்த முகவரியில் உள்ளே இருக்கிறார் என்று ஆப்பில் பார்த்து, ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னால் தீர்ந்தது.

தங்கை டிக் அடித்தாள். அண்ணனுக்கு ‘அப்பா’ தெரிந்தது. வலை பொத்தும் படத்தின் சின்னப் போஸ்டரும் தெரிந்தது. தொட்டான். ஓடவில்லை. பணம் கட்டச் சொல்லி ஒரு திரை வந்தது.

இது 29 ஏப்ரல் 2025-ல் ப்ளெக்ஸ் கொண்டுவந்த மாற்றம். அதற்கு முன்னால் வீட்டு சர்வரில் இருக்கும் சொந்த வீடியோவை வெளியூரில் இருந்து பார்ப்பது இலவசம். அந்தத் தேதிக்குப் பிறகு, சர்வரின் சொந்தக்காரரிடம் ப்ளெக்ஸ் பாஸ் இருக்க வேண்டும்; அல்லது பார்ப்பவரிடம் ரிமோட் வாட்ச் பாஸ் இருக்க வேண்டும். முதலாவது வாங்கினால் அந்த சர்வரில் சேர்ந்த எல்லோருக்கும் சேர்த்தே வழி திறக்கும். அறிவித்தபோது சொன்ன விலை மாதம் 6.99 டாலர், வருஷம் 69.99 டாலர். இரண்டாவது ஓர் ஆளுக்கு மட்டும், மாதம் 1.99 டாலர். ஒரே வீட்டு வைஃபைக்குள் பார்ப்பது முன்போலவே இலவசம். எல்லா டிவி ஆப்களிலும் இது ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை என்பதால், ‘போன மாசம் ஓடிச்சே’ என்று சொல்பவர்களும் பொய் சொல்வதில்லை.

ஒரே வீட்டு வைஃபை என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அம்மா சர்வரில் இருந்து பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் போனில் வைஃபை அணைந்து மொபைல் டேட்டா ஓடுகிறது. ப்ளெக்ஸ் கண்ணுக்கு அம்மாவும் பஹ்ரைனும் ஒன்றுதான், இருவரும் வெளியூர். ‘வீட்டுக்குள்ளேயே காசு கேக்குது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்து, வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக மாட்டியிருக்கிறதா என்பது. டிவி ஒன்றிலும் லேப்டாப் இன்னொன்றிலும் இருந்தால், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு ஆகிவிடும்.

அண்ணன் ஒரு மாத ரிமோட் வாட்ச் பாஸ் வாங்கினான். அப்பா பேச ஆரம்பித்தார். ஆனால் முகம் கட்டம் கட்டமாக, சேற்றுத் தண்ணீரில் பார்ப்பது போல. தங்கை நெட் ஸ்பீடைச் சந்தேகப்பட்டாள். ஸ்பீடில் குறையில்லை, முகவரிதான் சிக்கல்.

நெட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண் இருக்க வேண்டும். பழைய முறை கதவு எண்கள் உலக அளவில் தீர்ந்துபோனதால், நம் ஊர் நிறுவனங்கள் பலவும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே எண்ணைக் கொடுக்கின்றன. ஜியோ போன்ற பெரிய நெட்வொர்க்குகளிலும் இதுதான் நிலை. வீட்டில் இருந்து வெளியே போக இதில் பிரச்னை இல்லை. வெளியே இருந்து ஒருவர் வீட்டைத் தேடி வரும்போதுதான் சிக்கல். தெரு முனையில் நின்றுவிடுவார். ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் இதுதான் விஷயம் என்று முடிவு செய்துவிடலாம். யூடியூபில் பார்த்து ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்துகொண்டு உட்கார்ந்திருப்பது வீண் வேலை. நேர்வழி இல்லாதபோது ப்ளெக்ஸ் தன் சொந்த கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றி அனுப்பும். அந்தச் சுற்றுவழிக்கு வேக வரம்பு உண்டு. இலவச சர்வருக்கு நொடிக்கு 1 மெகாபிட், பாஸ் இருந்தால் 2. அதனால்தான் அப்பா முகம் கலங்கித் தெரிந்தது.

இதற்கு வழி? ரவுட்டரிலும் போனிலும் ஐபிவி6 திறந்திருந்தால் சில வீடுகளில் நேர்வழி கிடைத்துவிடும். நெட் கம்பெனியிடம் தனி முகவரி கேட்டு வாங்கலாம், காசு ஆகும். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை வீட்டு லேப்டாப்பிலும் அண்ணன் போனிலும் போட்டு, இரண்டையும் ஒரே தனி வலைக்குள் கொண்டுவரலாம். சொந்த உபயோகத்துக்கு இலவசம். இதுவும் ஒருவகை விபிஎன்தான். வளைகுடா நாடுகளில் விபிஎன் சட்டம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், இருக்கும் நாட்டின் விதியைப் பார்த்துக்கொண்டு போடுவது நல்லது.

டெயில்ஸ்கேலோடு ஜெல்லிஃபின் சேர்ந்தால் மாதக் கட்டணமே இல்லை. 2018 டிசம்பரில், எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, அதில் இருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். பயனர் பெயர்கள் எல்லாம் அந்த லேப்டாப்பிலேயே இருக்கும். நடுவில் ஒரு கம்பெனி கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டில் அம்மா ரிமோட்டில் மூன்று பட்டன் மனப்பாடமாக வைத்துக்கொண்டு ப்ளெக்ஸ் பார்க்கிறார் என்றால், மாதம் இரண்டு டாலர் மிச்சம் பிடிக்க அந்தப் பழக்கத்தைக் கலைப்பது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை. சொல்லப்போனால் அண்ணனுக்கு வேண்டியது ஒரே ஒரு 40 நிமிட வீடியோ. அதை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும். வீடியோவாக அனுப்பினால் நசுங்கும். தங்கை கடைசியில் அன்றிரவே அதைத்தான் செய்தாள். சர்வரை நிதானமாகச் சரிசெய்ய நாள் இருக்கிறது. நினைவு நாள் அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த புகார் பேரனிடம் இருந்து. “அத்தை, எனக்கும் தாத்தா வீடியோ வரல. பாட்டி அக்கவுன்ட்ல மட்டும்தான் வருது.” அவனுக்கு லைப்ரரி டிக் இருந்தது. வைஃபை சரி. ஆனால் அவன் அக்கவுன்ட் சிறுவர் வகையில் போடப்பட்டிருந்தது. அந்த வகை, சினிமாவுக்கு இருக்கும் தணிக்கைச் சான்று போன்ற ஒரு தரக்குறியீட்டைப் பார்த்து, சிறுவருக்கு ஏற்றது என்று குறித்ததை மட்டுமே உள்ளே விடும். தாத்தா வலை பொத்துவதற்கு யார் ‘யு’ சான்று கொடுத்தார்கள்? குறியீடே இல்லாததால் வெளியே நிறுத்திவிட்டது. அந்த வீடியோவில் தாத்தா பேசிக்கொண்டிருப்பதே இவனிடம்தான். அந்த வீடியோக்களைத் திருத்தும் பக்கத்தில் தரக்குறியீட்டுக் கட்டத்தில் சிறுவருக்கானதைக் கையால் எழுதிவிட்டால் போதும். ஜெல்லிஃபினில் குறியீடு இல்லாதவற்றைத் தடுப்பதற்கென்றே தனியாகச் சில டிக் பெட்டிகள் உண்டு. அவற்றை எடுத்துவிட வேண்டும்.

இத்தோடு, வீட்டு வீடியோக்களை ‘சினிமா’ வகை லைப்ரரியில் போடாமல் இருப்பதும் முக்கியம். போட்டால் அது பெயரை வைத்து நெட்டில் தேடி, சம்பந்தமே இல்லாத ஒரு படத்தின் போஸ்டரை ஒட்டிவிடும். வீட்டு வீடியோ என்றே தனி வகை இருக்கிறது.

மின்சாரம் போய் வந்த பிறகு மொத்த லைப்ரரியும் காலியாகத் தெரிவது இன்னொரு வகைப் பீதி. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் விண்டோஸில் வேறு எழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்; போன வாரம் ஈ, இந்த வாரம் எஃப். பழைய எழுத்தையே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் எல்லாம் திரும்பி வரும். அதுவரை லைப்ரரியை அழித்து மறுபடி உருவாக்கும் வேலையில் யாரும் இறங்கக் கூடாது. அப்படி உருவாக்கினால் அது புது லைப்ரரி. அண்ணனுக்கு மறுபடி டிக் இருக்காது.

கடைசியாக ஒன்று. குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே நாளில் போய்விட்டால், தேட வேண்டிய இடம் சொந்தக்காரரின் பாஸ்வேர்ட். 2022 ஆகஸ்டிலும் 2025 செப்டம்பரிலும் ப்ளெக்ஸ் தன் பயனர் விவரங்களில் ஊடுருவல் நடந்ததாகச் சொல்லி, எல்லோரையும் பாஸ்வேர்ட் மாற்றச் சொன்னது. மாற்றும்போது, இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்று என்ற பெட்டியையும் டிக் அடிக்கச் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கருவிகளில் வீட்டு சர்வரும் ஒன்று. அதுவும் வெளியேறி, யாருக்கும் சொந்தமில்லாத பெட்டியாக நின்றுவிடும். திரும்ப உரிமை கோருவதைச் சென்னையில் இருந்தபடி செய்ய முடியாது. குப்பத்து வீட்டில், அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, சொந்தக்காரர் அக்கவுன்டில் நுழைந்துதான் கோர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி வழியாக பஸ் ஏறி வர வேண்டியதுதான்.

எல்லாமே தங்கையின் ஒரே அக்கவுன்டில் தொங்குகிறது. அவள் போன் தொலைந்தால் உறுதிக் குறியீடும் தொலையும். வேறொருவர் தன் பெயரில் சர்வரை உரிமை கோரிக்கொள்ளலாம். அப்போது டிஸ்கில் இருக்கும் வீடியோக்களுக்கு ஒன்றும் ஆகாது, யார் யாருக்கு எது என்ற ஷேர் பட்டியல்தான் போகும், எல்லோரையும் புதிதாக அழைக்க வேண்டும். டிஸ்க்கே போனால் வீடியோவும் போகும். ஏரிக்கரை உப்புக்காற்றும், 2023 டிசம்பர் மிக்ஜாம் போல ஒரு மழையும் எந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் நல்லதல்ல. ஆகவே ‘அப்பா’ லைப்ரரியின் இன்னொரு பிரதி அம்பத்தூரில் ஒரு டிஸ்கில். சர்வரின் ஈமெயில், பாஸ்வேர்ட், மீட்புக் குறியீடுகள் ஒரு தாளில் எழுதி, அம்மா ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில். அதன் ஒரு போட்டோ பஹ்ரைனுக்கு.